மாரிக்கு ஒரு கீரைப் பந்தல்



மாரி பிறந்தால் சந்தையில் கீரைக்கட்டு சிறுக்கும், விலை பெருக்கும். குளிர்நாட்டவர் பனிக்கு அஞ்சிக் கண்ணாடிக் கூடம் கட்டிக் கீரை வளர்க்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் நமக்குக் கேடு பனியல்ல, மழை. அது விதையைக் கழுவும்; சேறு தெறித்து இலையை அழுக வைக்கும். ஆகவே நமக்குச் சுவர் வேண்டாம், கூரை போதும்.

இருபுறமும் கை எட்டும்படி 4 அடி அகலத்தில், முக்கால் அடி உயர்த்திப் பாத்தி கட்டுங்கள். சுற்றி வாய்க்கால் விடுங்கள். மூங்கிலோ பழைய குழாயோ நட்டு, ஆள் உயரத்தில் சரிவாகப் பந்தலிட்டு, வெளிச்சம் புகும் பொலித்தீனை இழுத்துக் கட்டுங்கள். பக்கங்களை மூடாதீர்கள், வெயில் எறித்தால் செடி வெந்துவிடும். தறப்பாளும் ஆகாது, வெளிச்சமின்றிக் கீரை வெளிறி நெடுக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் விரிப்பை அவிழ்த்துச் சுருட்டி வையுங்கள்.

விதையைக் காய்ந்த மணலோடு கலந்து தூவுங்கள். முளைக்கீரை சுமார் ஒரு மாதத்தில் சட்டிக்கு வந்துவிடும்.

1990 ஒக்டோபர் 30இல், இரண்டே மணி நேர அவகாசத்தில், யாழ் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியதும் மாரி தொடங்கும் காலத்தில்தான். புத்தளத்து முகாம்களில் ஓலைக்கூரை ஒழுக விழித்திருந்த தாய்மாரை நாம் மறக்க முடியாது. இன்று திரும்பி வந்தோர் பலருக்கு வளவு சிறிது. சிறிதானாலும் சொந்த மண். ஒரு பாத்திக்கு இடமுண்டு.

பறிக்கும் முதற் பிடியை அயல்வீட்டுக்குக் கொடுங்கள். அவர் எந்த மார்க்கத்தவராயினும் சரி. அறுந்த உறவும் அதில் துளிர்க்கும், இன்ஷா அல்லாஹ்.