பார்த்தால் ஒட்டாது கண் வலி!

'மெட்ராஸ் ஐ' வந்தவரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று மதுரைப் பக்கம் இன்றும் பலர் அஞ்சுகிறார்கள். அது தவறு. நோயைப் பரப்புவது கண்ணைத் தொட்ட கை; அதற்குத் துணை, பலர் துடைக்கும் ஒரே துண்டு. கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைத் தணிக்கும், நோயைத் தடுக்காது. அடிக்கடி சோப்புப் போட்டுக் கை கழுவுவதே காவல்.

இது பெரும்பாலும் வைரஸ் கிருமியால் வருவது. ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஆறிவிடும். தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ கண்ணில் விடாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து பார்வைக்கே உலை வைக்கலாம்.

வலி மிகுந்தாலும், பார்வை மங்கினாலும், பச்சைக் குழந்தைக்கு வந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் மதுரை. வைத்தியம் அருகிலிருக்க, கண்ணோடு ஏன் விளையாட்டு?