முகமும் மாற்றும்

அச்சுப்பொறி இல்லாத காலத்தில் ஓர் அரசு தன் சொல்லைத் தன் எல்லை முழுதும் பரப்புவது எங்ஙனம்? உரோமர் கண்ட வழிகளுள் ஒன்று நாணயம். சந்தையிற் பண்டம் வாங்குவோன் கையிலும், பாசறையிற் கூலி பெறும் வீரன் கையிலும் அது தானே சென்று புகும். எழுத்தறியாதானுக்கும் உருவம் பொருள் உணர்த்தும்.

உயிரோடிருப்பான் ஒருவனின் முகத்தை உரோம நகரக் காசிற் பொறித்தல் முன்னாளில் வழக்கமன்று. கி.மு. 44இல் யூலியஸ் சீசர் அவ்வழக்கை மீறினான். அவ்வாண்டு மார்ச்சு 15ஆம் நாள் கொலையுண்டான். கொன்றோருள் ஒருவனாகிய புரூட்டஸ் ஏறத்தாழ ஈராண்டளவில் தானும் ஒரு காசு வெளியிட்டான். ஒருபுறத்தில் இரு குத்துவாள்கள். அவற்றிடையே அடிமைத்தளை நீங்கினோர் அணியுந் தொப்பி. கீழே கொலைநாளின் பெயர். மறுபுறத்திலோ புரூட்டஸின் முகம்! தனியொருவன் ஆட்சியை ஒழிக்க வாளெடுத்தவனும், தன் முகத்தைப் பொறிக்கும் ஆசையை ஒழித்தானில்லை.

சமயமும் இத்தொழிலுக்கு உதவிற்று. சீசரின் சுவீகார புத்திரனாகிய ஒகஸ்தஸ், தன்னைத் தெய்வத்தின் மைந்தன் என்று காசிற் பொறித்தான். கி.பி. 312இற் கிறித்தவரின் கடவுள் துணையால் வென்றான் எனப் புகழப்பெற்ற கொன்ஸ்தந்தைனும், அதன் பின்னர்ப் பல்லாண்டுகள் வெல்லற்கரிய ஞாயிற்றைத் தன் துணைவனெனக் காட்டுங் காசுகளையே வெளியிட்டு வந்தான். பழஞ்சமயத்தார் மனத்தையும் அவன் இழக்க விரும்பினானல்லன் போலும்.

இவற்றினும் சிந்திக்கத்தக்கது கலியெனஸ் என்னும் பேரரசனின் காசு. 'படைவீரரின் விசுவாசம்' என்பது அதன் வாசகம். கி.பி. 268இல், மிலான் நகரை முற்றுகையிட்டிருந்தபோது, அவன் தன் படைத்தலைவர்களாலேயே கொல்லப்பட்டான். ஒகஸ்தஸ் காலத்து வெள்ளிக்காசு ஏறத்தாழக் கலப்பற்றது. கலியெனஸின் இறுதிக் காலத்துக் காசில் வெள்ளி நூற்றுக்கு ஐந்து பங்கிற்குங் குறைவு. மேலே பூச்சு, உள்ளே செம்பு. வாசகம் மறைத்ததை உலோகம் வெளியிட்டது.

இக்காசுகள் கடல் கடந்து நம்மவர் கைக்கும் வந்தன. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இற் கிடைத்த 501 பொற்காசுகளுட் பெரும்பாலனவற்றில், பேரரசன் தலைமீது உளியால் வெட்டிய வடு உண்டு. காரணத்தை அறிஞர் பலவாறு கூறுவர். எக்காரணத்தாலாயினும், வெட்டியவர் முகத்தைப் போற்றவில்லை. பொன்னைப் போற்றிக் காத்தனர் என்பது தெளிவு.

ஆசிரியர்களுக்கு யான் கூற விழைவதும் இதுவே. அன்று காசு செய்த தொழிலை இன்று பத்திரிகையும் தொலைக்காட்சியுங் கைத்தொலைபேசியுஞ் செய்கின்றன. அவற்றில் வரும் முகங்களையும் வாசகங்களையும் நம் மாணாக்கர் நாடோறும் காண்கின்றனர். வாசகத்தைப் படிக்கக் கற்பித்தோம். மாற்று உரைத்துப் பார்க்கவுங் கற்பித்தோமா? யார் சொன்னார், எந்நிலையிற் சொன்னார், சொல்லுக்கும் செயலுக்கும் இடையே எத்துணைத் தூரம் என்று வினவும் மாணவனே சரித்திரங் கற்றவனாவான். நம்மொழியில் நாணயம் என்னுஞ் சொல் காசையுங் குறிக்கும், நேர்மையையுங் குறிக்கும். முன்னதைக் கையில் வாங்குமுன் பின்னதை ஆராய்தல் நம் கடன்.