யாருக்கு ரகசியம்?

அணு ஆயுதம் தாங்கிய பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றாவது 1969 முதல் எந்நேரமும் சமுத்திரத்தினடியில் மறைந்து உலாவி வருகிறது. அது எங்கே இருக்கிறதென்பது கப்பலிலுள்ளோரிலும் சிலருக்கே தெரியும். இந்த ரகசியத்தை நாம் ஆட்சேபிக்கவில்லை. இருக்குமிடம் வெளிப்பட்டுவிட்டால் அக்கப்பல் இருந்தும் பயனில்லை. ஆனால் நியாயமான இந்த ஒரு ரகசியத்தின் நிழலில் நியாயமற்ற வேறு பல ரகசியங்கள் ஒதுங்கி நிற்கின்றன. அவற்றைப் பற்றியே நமது கேள்வி.

2016ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் 'வெஞ்சன்ஸ்' என்னும் கப்பல், அமெரிக்காவின் ஃபுளோரிடா கரைக்கப்பால் டிரைடெண்ட் ஏவுகணை ஒன்றை அணுகுண்டு பொருத்தாமல் பரீக்ஷித்தது. கணை வழி தவறிற்று. அடுத்த மாதம் 18ந் தேதி, புதிதாக நான்கு கப்பல்கள் கட்டுவதற்குக் காமன்ஸ் சபையின் சம்மதம் கோரப்பட்டது. மதிப்பிட்ட செலவு 3,100 கோடி பவுன்; எதிர்பாராச் செலவுக்கென மேலும் 1,000 கோடி. பிரதம மந்திரி தெரெஸா மே அம்மையார் சபையில் பேசினார். பரீக்ஷையைப் பற்றி மூச்சு விடவில்லை. 472 அங்கத்தினர்கள் ஆதரித்தனர். 117 பேர் எதிர்த்தனர்.

விஷயத்தை 2017 ஜனவரியில் வெளியிட்டது 'ஸண்டே டைம்ஸ்' பத்திரிகை. சபையில் பேசியபோது இது தெரியுமா என்று டெலிவிஷனில் அம்மையாரை நான்கு முறை கேட்டார்கள். நான்கு முறையும் நேர்விடை இல்லை. அவர் பதவியேற்றபோதே தெரிவிக்கப்பட்டதென மறுநாள் அவரது காரியாலயமே ஒப்புக்கொண்டது. அன்று பாதுகாப்பு மந்திரி மைக்கேல் ஃபாலன் தேச நலனைக் காட்டிச் சபையில் விவரம் கூற மறுத்துக்கொண்டிருந்தார். அமெரிக்க அதிகாரி ஒருவரோ, கணை கடலில் தன்னைத்தானே அழித்துக்கொண்டதென்று தம் நாட்டு டெலிவிஷனுக்குச் சொல்லிவிட்டார்!

இது யாரிடமிருந்து காத்த ரகசியம்? கணையைச் செய்தது அமெரிக்கா. பரீக்ஷை நடந்ததும் அமெரிக்கர் கண்காணிக்கும் கடலில். மற்ற வல்லரசுகள் கண்ணை மூடிக்கொண்டிருந்தன என்று நம்புவது பேதைமை. அறியாதிருந்தவர்கள், பணம் கொடுக்கும் பிரஜைகளும் அவர்களுடைய பிரதிநிதிகளுமே. 2012இல் பரீக்ஷை வெற்றியடைந்தபோது பகிரங்கமாக அறிவித்ததும் இதே இலாகாதான். வெற்றியை மட்டும் சொல்வது வழக்கமானால், மௌனமே எதிரிக்கு விடை கூறிவிடாதா? வில்லங்கத்தை மறைத்து நிலத்தை விற்பவனைக் கோர்ட்டு எவ்வாறு நடத்துமென்பதை வக்கீல் தொழில் செய்தவர்கள் அறிவார்கள். உண்மை தெரிந்திருந்தால் சபை மறுத்திருக்கும் என்று நாம் வாதிக்கவில்லை. அப்போதும் பெரும்பான்மை கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறோம். அப்படியிருக்க, மறைப்பானேன்?

இது ஒரு கட்சியின் குற்றமன்று. பழைய போலாரிஸ் கணைகளைத் திருத்தும் 'செவலைன்' வேலையைக் கன்சர்வேடிவ் கட்சியும் தொழிற்கட்சியும் மாறி மாறி நடத்தின. 100 கோடி பவுன் அதில் செலவாகிறதென்று பார்லிமெண்டு அறிந்தது 1980இல்தான். 2024 ஜனவரியில் 'வான்கார்ட்' கப்பலின் பரீக்ஷையும் தோற்றது. பத்திரிகை எழுதிய பிறகு சர்க்கார் ஒப்புக்கொண்டது. வானம் இடிந்து விழவில்லை.

நமது வாசகர்கள் இதைத் தூரதேசத்துக் கதையென்று தள்ளிவிட வேண்டாம். ஸ்காட்லாந்தின் வடகரையில் டௌன்ரே என்னுமிடத்தில், கப்பல் அணு உலைக்கு முன்மாதிரியான உலையொன்று தரையில் இயங்கிற்று. 2012 ஜனவரியில் அதைக் குளிர்விக்கும் நீரில் கதிரியக்கம் காணப்பட்டது. பார்லிமெண்டுக்குச் சொன்னது 2014 மார்ச்சில். எவருக்கும் தீங்கில்லை என்றார் மந்திரி, இருக்கலாம். நமது 'அரிஹந்த்' கப்பலின் உலைக்கு முன்மாதிரி இயங்கியது நம் கல்பாக்கத்தில். அது பகிரங்கமானது 2009இல். அரிஹந்த் 2016 ஆகஸ்டில் கடற்படையில் சேர்ந்தபோது சர்க்கார் அறிவிக்கவில்லை. முதல் ரோந்து முடிந்ததை 2018 நவம்பரில் பிரதம மந்திரியே பெருமையுடன் அறிவித்தார்.

அரிஹந்த் எக்கடலில் இருக்கிறதென்று எவரும் சொல்ல வேண்டாம். கல்பாக்கத்து முன்மாதிரி உலையைச் சோதித்தவர்கள் யார், அவர்கள் அதை நடத்தியவர்களைச் சாராதவர்களா, கண்டது என்ன? சுற்றியுள்ள மீனவர் குப்பங்களின் பொருட்டுத் தமிழ்நாட்டு அங்கத்தினர்கள் இவற்றையேனும் பார்லிமெண்டில் கேட்பார்களா?