சாவி கட்டிய கழுத்து

பாணேர் பக்கம் நம் குடும்பங்களில் அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். ஹிஞ்சவடி ரோட்டு நெரிசலில் ஊர்ந்து வீடு சேர இரவாகிறது. அதுவரை எட்டு வயதுப் பெண் கழுத்தில் சாவியோடு தம்பிக்குச் சோறு போடுகிறாள். "சொந்தக் காலில் நிற்கிறாள்" என்கிறோம். தம்பியோ அவள் இடுப்பில்! பள்ளிப் பாடம் எப்போது?

மத்திய சர்க்கார் பெண் ஊழியருக்கு, ரயில்வேயிலும்தான், பிள்ளை வளர்க்க 730 நாள் விடுப்பு 2008-லேயே வந்தது. அடுக்குமாடிக்குச் செங்கல் சுமக்கும் நம் பெண்ணுக்கு?

1996-ன் கட்டடத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. காண்டிராக்டர் ஆளைப் பிரித்து எழுதினால் கணக்கு 50-ஐத் தொடாது. 2017-ல் மகப்பேறு சட்டத் திருத்தம் ஆண்களையும் சேர்த்தே 50 பேர் என்றது. தாய் நாளுக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம் என்றது. 2025 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய தொகுப்புகளிலும் காப்பகம் இருக்கிறது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள்தான் எந்தக் கணக்கிலும் இல்லை.

பிள்ளை தன் தட்டைத் தானே கழுவட்டும், பையனும் கழுவட்டும். பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த கோரிக்கை மனுவில் போனசுக்கு மேலே காப்பகத்தை எழுதுவோம். ஆண்களும் கையெழுத்துப் போடுங்கள்.