ஐந்து நாட்களே வாழும் கொடை

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் வருடத்துக்கு ஒருமுறை இரத்ததான முகாம் நடக்கும். வாப்பாவும் சாச்சாவும் தவறாமல் இரத்தம் கொடுப்பார்கள். கடந்த வருடம் முகாம் முடிந்து இரண்டு கிழமைகளில், சாச்சாவின் மகனுக்கே குருதிச் சிறுதட்டுகள் தேவைப்பட்டன. இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையால் அவை குறைந்து, முரசிலிருந்து இரத்தம் கசிந்தது. மறுநாள்வரை காத்திருக்கச் சொன்னார்கள்.

"முகாமில் அத்தனை பேர் கொடுத்தார்களே, அது எங்கே?" என்று உம்மா கேட்டார்.

உயிரியல் படித்த பிறகே எனக்கு விடை கிடைத்தது. செங்குழியங்களை 2 முதல் 6 பாகை செல்சியஸ் குளிரில் ஐந்து வாரங்கள்வரை பாதுகாக்கலாம். சிறுதட்டுகளைக் குளிரூட்டினால் அவற்றின் வடிவம் மாறிவிடும். உடலில் ஏற்றியதும் ஈரல் அவற்றை விரைவில் அகற்றிவிடும். ஆகவே 20 முதல் 24 பாகையில், வாயு ஊடுபுகும் பைகளில், இடைவிடாது மெதுவாக ஆட்டியபடி வைக்கிறார்கள். ஆனால், அந்த வெப்பநிலையில் பற்றீரியாக்களும் பெருகக்கூடும். அதனால் பொதுவாக ஐந்து நாட்களே வைத்திருப்பார்கள்.

முகாம்களை நான் குறை சொல்லவில்லை. அவை மட்டும் போதாது என்கிறேன். ஒரே நாளில் நூறு பேர் கொடுத்தாலும், ஆறாம் நாள் வரும் நோயாளிக்கு அந்தச் சிறுதட்டுகள் உதவாது. பள்ளிவாசலில் ஒரு பெயர்ப்பட்டியல் வைப்போம். கிழமைக்கு நான்கைந்து பேராக, முறைவைத்து இரத்த வங்கிக்குச் செல்லட்டும். ஒருவருக்கு நான்கு மாதங்களுக்கு ஒருமுறைதானே முறை வரும்!

பெற்றோர்களே, அடுத்த வருடம் எனக்குப் பதினெட்டு வயதாகிறது. அந்தப் பட்டியலில் என் பெயருக்கும் இடம் வையுங்கள்.