நேற்று ராத்திரி யார் வாசிச்சாங்க?

மார்கழியில் மயிலாப்பூர், தி.நகர் சபாக்களுக்குப் போனவர்கள் இந்த மாமாவைப் பார்த்திருப்பார்கள். நான்காவது வரிசை, ஓரத்து சீட். சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு, ஒரு பேனா. பாடகர் ராகத்தைத் தொட்டதும் தலை குனியும். ராகம், பாட்டு, தாளம், இயற்றியவர் என நாலும் நோட்டில் ஏறிவிடும். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதி ஹால் கேன்டீனுக்குக் கிளம்பும். இவர் அசைய மாட்டார். மிருதங்கம் யார், கஞ்சிரா யார் என்பதும் நோட்டில் இருக்கும். யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. யாரும் அதற்குக் காசும் தருவதில்லை.

அங்கிருந்து அப்படியே அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் வருவோம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஒரு கஃபேயின் பின்கட்டு, ஐம்பது அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகள், நாலு பேர் பேண்ட். பாடுவது எல்லாம் அவர்களே எழுதி, அவர்களே மெட்டுப் போட்ட பாட்டு. கூட்டத்தில் முப்பது போன்கள் மேலே நிற்கின்றன. மறுநாள் காலையில், 'நேற்று கடைசியாகப் பாடினார்களே, அது என்ன பாட்டு?' என்று தேடிப் பாருங்கள். 15 நொடி வீடியோ ஒன்று கிடைக்கலாம். அதுவும் 24 மணி நேரத்தில் மறைந்துபோகும் ஸ்டோரி. பாட்டின் பெயர் இருக்காது. டிரம்ஸ் வாசித்த பையனின் பெயர் நிச்சயம் இருக்காது.

நோட்டு மாமா இந்தப் பக்கம் வரவில்லை. அந்த வேலையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஆபீஸ் முடிந்து பைக்கில் ஒவ்வொரு நிகழ்ச்சியாகப் போய், இரவு உட்கார்ந்து எழுதிப் போடும் சிலர் சென்னையில் இருக்கிறார்கள். இந்த வாரம் அவர்களின் வேலையைப் பற்றி.

முதலில் ஒரு சின்ன விளக்கம், வீட்டுப் பெரியவர்களுக்காக. சினிமாவுக்காக இல்லாமல், பெரிய கம்பெனி பின்னால் இல்லாமல், கலைஞர்களே எழுதி, பாடி, வெளியிடும் பாட்டைத்தான் சுயாதீன இசை என்கிறார்கள். பசங்க பாஷையில் 'இண்டி'. பாட்டு என்றால் சினிமாப் பாட்டு என்றே பழகிவிட்ட ஊரில் இது எப்போதும் ஓரத்தில்தான் நின்றிருக்கிறது. ஆனால், நின்றிருக்கிறது. 2000-களில் அடையாறில் 'அன்வைண்ட் சென்டர்' என்ற இடம் இருந்தது. ஜூன் மாதம் அங்கே 'ஜூன் ராக் அவுட்' நடக்கும். 2005-ல் ஜங்க்யார்ட் க்ரூவ், 2006-ல் ஸ்க்ராட், 2012-ல் தி எஃப்16ஸ் என இந்த ஊரிலிருந்து பேண்டுகள் கிளம்பின. அவை பெரும்பாலும் ஆங்கிலப் பாட்டுகள். தமிழில் கபேர் வாசுகியும், அவரும் டென்மாவும் சேர்ந்த 'குரங்கன்' குழுவும், 'லா பொங்கல்' குழுவும், ஷான் ரோல்டனும் வேறொரு கூட்டத்தைச் சேர்த்தார்கள். 2014-ல் 'வாயை மூடி பேசவும்', 'முண்டாசுப்பட்டி' படங்கள் வந்த பிறகுதான் ஷான் ரோல்டன் பெயர் நம் வீடுகளுக்குள் வந்தது. அதற்கு முன்பே அவர் பாட்டைச் சின்ன மேடைகளில் நின்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். 'நாங்க அப்பவே சொன்னோம்ல' என்று இன்றைக்கும் அவர்கள் மார்தட்டுவது வேறு கதை.

சொன்னார்கள் சரி. எழுதி வைத்தார்களா?

எழுதினார்கள். எழுதியதும் பதிவேற்றியதும் பெரும்பகுதி போய்விட்டது. அன்றைக்கு பேண்டுகளின் விசிட்டிங் கார்டு என்றால் மைஸ்பேஸ் தளம்தான். பாட்டை அதில் ஏற்றிவிட்டு லிங்க்கை அனுப்புவார்கள். 2019 மார்ச்சில் அந்த நிறுவனம் ஒரு தகவலைச் சொன்னது. சர்வரை மாற்றும்போது தவறு நடந்துவிட்டதாம். 2003 முதல் 2015 வரை ஏற்றிய பாட்டுகள் போய்விட்டனவாம். உலகம் முழுக்க 1.4 கோடி கலைஞர்களின் 5 கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள் என்று அப்போது செய்திகள் கணக்குச் சொல்லின. கொஞ்ச நாளில் இன்டர்நெட் ஆர்க்கைவ் 4.9 லட்சம் பாட்டுகளை மீட்டுப் பொதுவில் வைத்தது. அதுவும் எப்படி? முன்பு ஏதோ ஓர் ஆராய்ச்சிக்காகச் சிலர் அவற்றை இறக்கி வைத்திருந்ததால்! நூற்றுக்கு ஒன்று தப்பியது. ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடியபோதும் இதே கதைதான். சபா மாமாவின் நோட்டு, பரணில் கரையான் அரிக்காமல் இருந்தால், இன்னும் இருக்கும்.

ஒரு பத்திரிகைக்காரர் கச்சேரிக்குப் போய் எழுதுவது நமக்குப் புதிதல்ல. 1930-களில் கல்கி, ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் 'ஆடல் பாடல்' எழுதினார். பழைய பஞ்சாங்கத்தை 'சுத்த கர்நாடகம்' என்று கேலி பேசும் ஊரில் அப்படியொரு புனைபெயர் வைத்துக்கொண்டதே ஒரு குறும்பு. சங்கீதம் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று இல்லாமல், வாரப் பத்திரிகை வாங்கும் எல்லா வீட்டுக்கும் அவர் கச்சேரியைக் கொண்டுபோனார். நன்றாக இல்லை என்றால் சிரிக்கச் சிரிக்க அதையும் சொன்னார். பின்னால் தில்லியிலிருந்து வந்த சுப்புடுவுக்கு வித்வான்கள் பயந்தார்கள் என்றே சொல்லலாம். நம் காலத்தில் வின்சென்ட் டிசௌசாவின் 'மயிலாப்பூர் டைம்ஸ்', லஸ் பக்கத்து நாகேஸ்வர ராவ் பூங்காவில் குழந்தைகள் மைக் இல்லாமல் பாடுவதைக்கூடச் செய்தியாக்கும். அவரே 'கச்சேரி பஸ்' என்று சபா உலகத்துக்கெனத் தனியாகவும் நடத்தினார். ஆக, கர்னாடக இசைக்கு இந்த ஊரில் எழுத ஆள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். கிடார் பையோடு பறக்கும் ரயிலில் திருவான்மியூர் போகும் பெண்ணுக்குத்தான் இல்லை.

எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன என்று கேட்கலாம். பெயர் இருக்கிறதே, அது பெரிய விஷயம். 'என்ஜாய் எஞ்சாமி' ஞாபகம் இருக்கும். 2021 மார்ச்சில் வந்து வீட்டுக்கு வீடு ஒலித்த பாட்டு. தீயும் அறிவும் பாடினார்கள், தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். வரிகள் அறிவுடையவை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அவர் எடுத்துக் கோத்தவை. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டைப்படத்தில் தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார். அறிவு இல்லை. எழுதியவர் எங்கே என்று இயக்குநர் பா.இரஞ்சித் கேட்டார், பலரும் கேட்டார்கள். பிறகு அறிவின் படத்தோடு தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது.

அத்தனை கோடிப் பேர் கேட்ட பாட்டுக்கே இந்த நிலைமை. அறுபது பேர் கேட்ட பாட்டுக்கு? அங்கே 'வரிகள் இவர், பேஸ் கிடார் இவர், முதன்முதலாக மேடையேறியது இந்தத் தேதி' என்று ஒருவர் எழுதிப் போட்டிருந்தால், நாளைக்குச் சண்டை வரும்போது காட்ட ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கும்.

பணமும் இருக்கிறது. ஸ்பாட்டிஃபை 2024 முதல் ஒரு விதி கொண்டுவந்தது. முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டி கணக்கே ஆரம்பிக்காது. சினிமாப் பாட்டுக்கு ஆயிரம் என்பது அரை நொடி. ஒரு புது பேண்டுக்கு அது சித்தப்பா, அத்தை, காலேஜ் நண்பர்கள் எல்லோரையும் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்க்க வேண்டிய எண். முகம் தெரியாத நூறு பேர் ஒரு பதிவைப் படித்துவிட்டு ஆளுக்கு நாலு தடவை கேட்டால் நானூறு. அந்தக் கோட்டைத் தாண்டினாலும் கையில் வரும் காசில் ஒரு செட் கிடார் கம்பிகூட வாங்க முடியாமல் போகலாம். தாண்டாவிட்டால் அதுவும் இல்லை.

இதில் பாட்டை மட்டும் பின்தொடர்வதாக நினைத்துக் கிளம்பியவர்கள், ஊரையும் சேர்த்துப் பின்தொடர வேண்டி வந்ததும் உண்டு. 2015-ல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில், எல்லையம்மன் கோயில் அருகே, டி.எம்.கிருஷ்ணாவும் சூழலியல் செயல்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களும் சேர்ந்து நடத்திய விழாவில் பறையாட்டமும் கர்னாடக சங்கீதமும் அடுத்தடுத்து நடந்தன. பெசன்ட் நகரில் பல வருடம் குடியிருந்தும் அந்தக் குப்பத்துக்குள் கால் வைக்காதவர்கள் அன்றைக்குத்தான் முதல்முறை வந்தார்கள். அதே 2015 ஜூலையில் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் பாடிய 'கொடைக்கானல் வோன்ட்' வந்தது. தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவைப் பற்றிய ராப். தெரிந்தவர், தெரியாதவர் எல்லாம் பகிர்ந்து, மெட்டுக்குச் சொந்தக்காரரான நிக்கி மினாஜ் வரை போய்ச் சேர்ந்தது. 2016 மார்ச்சில் யூனிலீவரின் இந்திய நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டால் மட்டும் வந்ததல்ல. தொழிற்சாலை மூடிய 2001-லிருந்து தொழிலாளர்கள் விடாமல் போராடினார்கள். ஆனால் அவர்கள் பதினைந்து வருடம் சொன்னதைப் பாட்டு சில நாளில் ஊர் உலகத்தின் காதில் போட்டது. 2017-ல் எண்ணூர் கழிமுகத்தில் நின்று கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' கபேர் வாசுகி எழுதியது. 2018 ஜனவரி 6-ல் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல்முறை மேடையேறியது. சின்ன மேடைகளில் கபேரையும் டென்மாவையும் முன்பே கேட்டிருந்தவர்களுக்கு இவை எதுவும் திடீரென்று வானத்திலிருந்து குதித்ததாகத் தோன்றியிருக்காது.

இத்தனை சொன்ன பிறகு, குறையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த உலகம் ரொம்பச் சின்னது. எழுதுகிறவரும் பாடுகிறவரும் ஒரே டீக்கடையில் நிற்பவர்கள். அதனால் எல்லாப் பாட்டும் 'வேற லெவல்'. எல்லா மேடையும் 'தீ' எமோஜி. சுருதி விலகியதையோ, இரண்டாவது சரணம் வேறொரு பாட்டை ஞாபகப்படுத்துவதையோ யாரும் எழுதுவதில்லை. நாளைக்கு பாஸ் கிடைக்காமல் போய்விட்டால்? சில பக்கங்களில் காசு கொடுத்தால் பாராட்டு கிடைக்கிறது. விளம்பரம் என்றால் விளம்பரம் என்று போட வேண்டும் என இந்திய விளம்பரத் தர கவுன்சில் 2021-லேயே சொல்லிவிட்டது. எத்தனை பேர் போடுகிறார்கள் என்பதை நீங்களே ஸ்க்ரோல் செய்து பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் புகழ்கிற பக்கத்தை ஒரு மாதம் படித்தால் அதன் புகழ்ச்சிக்கு மதிப்பே இல்லாமல் போய்விடும். கல்கி 'பிரமாதம்' என்று எழுதியபோது ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள் என்றால், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று அவர் எழுதியதும் அதற்கு ஒரு காரணம்.

பிரிட்டனில் ஜான் பீல் என்று ஒரு வானொலிக்காரர் இருந்தார். 1967 முதல் 2004-ல் இறக்கும்வரை பி.பி.சி-யில் யாருக்கும் தெரியாத குழுக்களை அழைத்து வாசிக்க வைத்தார். அப்படிப் பதிவானவை 4,000-க்கும் மேல். 1978-ல் ஓர் அயர்லாந்துக் குழுவின் பாட்டு பிடித்துப்போய், போட்டு முடித்த கையோடு மறுபடியும் அதையே போட்டார். தனக்கு எது பிடிக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

இன்னொரு குறை, நம் பக்கத்தியது. தமிழில் பாடுகிற குழுக்களைப் பற்றியும் எழுதுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில். பாட்டில் வரும் 'புறம்போக்கு' என்ற சொல்லை இரண்டு பத்தி விளக்கி எழுத வேண்டிய அவஸ்தை அதனால்தான். தமிழில் எழுதினால் அந்த இரண்டு பத்தியும் மிச்சம். அம்மாவும் படிப்பார், அடுத்த முறை கூடவே கிளம்பியும் வருவார்.

இரவு பத்தரை மணி. பெசன்ட் நகரில் கஃபே விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. பேஸ் டிரம்மை ஆட்டோவின் பின்சீட்டில் திணித்துக்கொண்டிருக்கிறான் அந்தப் பையன். போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் அவன் பக்கத்தில் போய் நிற்கிறாள்.

"அண்ணா, ஒரு நிமிஷம். உங்க பேர் எப்படி எழுதறது? கார்த்திக்ல ஹெச் ஒண்ணா, ரெண்டா?"

"யாரும் கேட்டதே இல்லையேம்மா... கடைசியில ஹெச் வராது. ஒண்ணுதான்."

"சரிண்ணா. அந்த மூணாவது பாட்டு, அது யார் எழுதினது?"

ஆட்டோக்காரர் மீட்டரைத் தட்டுகிறார். பையன் இறங்கி, பதில் சொல்லிவிட்டு ஏறுகிறான்.