மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரு பாலம்

மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று பல வீடுகளில் இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வாங்கி வைக்கிறார்கள். அன்று முதல் மாடிக் கணினியால் கீழே உள்ள படங்களைத் திறக்க முடியும். கீழிருந்து மாடிக் கணினியைக் கூப்பிட்டால் பதில் வராது. பார்க்க வரும் பையன்கள், "எல்லாத்தையும் கிளவுடுல போட்டுடுங்க ஐயா" என்கிறார்கள். வீட்டுப் பத்திரமும் பேத்தியின் காதுகுத்துப் படமும் இருபது படி ஏறுவதற்கு வெளியூர்க் கணினிக்குப் போய் வர வேண்டுமா? எனக்குச் சம்மதமில்லை.

கீழ்க் கணினி 192.168.0 என்ற தெருவில் இருக்கிறது. மாடிக் கணினி 192.168.1 என்ற தெருவில். கடைசி எண் கதவிலக்கம். அடுத்த தெருவுக்கு என்றால் 'கேட்வே' வழியாகத்தான் போக வேண்டும். நான் படித்த பிரெஞ்சில் இதற்குப் 'பாஸ்ரெல்' என்று பெயர், அதாவது நடைபாலம். புதுச்சேரியின் பெரிய வாய்க்காலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம்: எதிர்க்கரை கண்ணில் பட்டாலும் பாலம் இருக்கும் இடத்தில்தான் கடக்க முடியும்.

மாடி ரவுட்டர் நம் தபால் பிரிவு எழுத்தர் மாதிரி. வெளியே போகும் கடிதம் எல்லாவற்றிலும் தன் முகவரியையே எழுதிப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளும். பதில் வந்தால் உரியவரிடம் சேர்க்கும். பதிவேட்டில் இல்லாமல் புதிதாக வருவதை உள்ளே விடாது.

கீழ் ரவுட்டரில் 'ஸ்டாட்டிக் ரூட்' எழுதி, மாடியில் முகவரி மாற்றும் வேலையை நிறுத்தி, இரண்டையும் பேச வைக்கலாம். ஆனால் இணைப்போடு தரும் பெட்டிகள் பலவற்றில் அந்த வசதியே கிடையாது. இருந்தாலும், அடுத்த தெருவிலிருந்து வருபவரை விண்டோஸின் ஃபயர்வால் மறுபடி தடுக்கும்.

ஒரே குடும்பத்துக்கு எதற்கு இரண்டு தெரு? மாடி ரவுட்டருக்கு 192.168.0.2 போல யாருக்கும் தராத ஓர் எண்ணைக் கொடுத்து, அதன் டிஎச்சிபியை நிறுத்துங்கள். பிறகு கீழிருந்து வரும் கேபிளை 'வேன்' துளையிலிருந்து எடுத்து 'லேன்' துளையில் செருகுங்கள். எல்லாரும் ஒரே தெருவுக்கு வந்துவிடுவார்கள்.

மாடியில் குடித்தனக்காரர் இருந்தால் இதைச் செய்யாதீர்கள். இப்போதுள்ள ஏற்பாடும் அங்கே ஆபத்துதான்: மாடியிலிருந்து கீழே பார்க்க முடியும் என்று மேலே சொன்னேனே, கடவுச்சொல் இல்லாத உங்கள் பத்திரங்களை அவர் வீட்டுப் பிள்ளைகளும் திறக்கலாம். இரண்டாவது ரவுட்டருக்குப் பின்னால் இருக்க வேண்டியவர் வீட்டுக்காரர்.